முதல் கரண்டி

விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய சமையற்கூடத்தில் அவளுக்குச் சாம்பிள் அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் வேலை சமைப்பதல்ல, கட்டுவதுமல்ல. ஒவ்வொரு அண்டா இறங்கியதும், வேறு யாரும் கை வைக்கும் முன்னால் முதல் கரண்டியை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு, தேதி ஒட்டி, குளிர் அறையில் வைத்துவிட வேண்டும். வானத்தில் போகிற எவனுக்காவது வயிற்றைக் கலக்கினால் அந்த டப்பாவை எடுத்துச் சோதிப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் சில நாளில் குப்பைக்குப் போய்விடும். யாருமே சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காவல், அதற்கு மாதச் சம்பளம். "சாம்பிள் அக்கா வீட்டுல புருஷனுக்கும் ஒரு சாம்பிள் எடுத்து வச்சிருப்பாங்க" என்று பாத்திரம் கழுவுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "இருக்கிற ஒண்ணையே யாராவது எடுத்துட்டுப் போனா தேவலைன்னு பாக்குறேன்" என்பாள். நன்றாகச் சிரிக்கத் தெரிந்தவள்தான்.

வீட்டிலும் அவள் சாம்பிள் எடுத்தாள். அதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள். நாலு வயது. பக்கத்து வீட்டுப் பிறந்த நாள் விருந்தில் யாரோ பிரியமாக ஊட்டிவிட்ட கேக்கில் வேர்க்கடலை இருந்தது. அது அந்த உடம்புக்கு ஆகாது என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக்கொண்ட நேரத்தில் தாய் குளிர் அறையில் தேதி ஒட்டிக்கொண்டிருந்தாள். விருந்து வீட்டில் அத்தனை பேர் இருந்தும், வாயில் இருப்பதைத் துப்பு என்று குழந்தையிடம் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செத்ததைக்கூட அவள் எப்படியோ விழுங்கிக்கொண்டாள், இதை விழுங்க முடியவில்லை.

பிறகு சின்னவள் பிறந்தாள். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு இவளுக்கும் அதேதான் என்றார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். தாய் நேர்மாறு, அடுப்பங்கரையை விட்டு நகரவே இல்லை. சின்னவள் வாயில் போகிற ஒவ்வொன்றையும் தானே சமைத்தாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், முதல் கரண்டியை எடுத்து ஒரு டப்பாவில் வைத்தாள். நாளைக்கு ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டுமே. அந்த டப்பா பெரியவள் பள்ளிக்குத் தின்பண்டம் கொண்டுபோனது. நீல மூடி. அளவு சரியாக இருந்தது, அதனால் எடுத்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வைத்த கொஞ்ச நாளிலேயே ஒன்றைக் கவனித்தாள். காலையில் வைத்த சோற்றில் சாயங்காலம் ஒரு வாய் குறைந்திருக்கும். மூன்று விரலால் எடுத்த அளவு, அதுவும் சின்ன விரல். எறும்பா என்று பார்த்தாள். எலி என்றால் குளிர்பெட்டியின் கதவைத் திறந்து, டப்பாவைத் திறந்து, தின்றுவிட்டு, மூடியை இறுக்கிச் சாத்திவிட்டும் போகிற எலியாக இருக்க வேண்டும். புருஷனைக் கேட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக், எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாதவன். "ஏம்மா, திங்கிறதுன்னா சட்டியிலேருந்து தின்ன மாட்டேனா? அந்த டப்பால இருக்கிற ஒரு வாய்க்கா ஆசைப்படுவேன்?" என்றான். நியாயமான பேச்சு. டப்பாவை மேல் தட்டுக்கு மாற்றினாள். அங்கேயும் ஒரு வாய் குறைந்தது. அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை, யார் என்று யோசிக்கவும் இல்லை. யோசித்தால் பதில் தெரிந்துவிடும் என்று பயந்தாள். பயமும் பழகிப்போகிற ஒன்றுதான், வருஷக்கணக்கில் பழகிப்போயிற்று.

இப்படி இருக்கிற வீட்டுக்குள்தான் நாத்தனார் தீம் பார்க் டிக்கெட்டோடு வந்து நின்றாள். முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், கலகலப்பானவள், அண்ணன் மகள் மேல் உயிர்.

"அண்ணி, புள்ளைக்கு ஏழு வயசு ஆச்சு. வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் தவிர என்னத்தப் பாத்திருக்கா? ஒரு நாள் போயிட்டு வருவோம்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

"அதான பாத்தேன். ராட்டினத்துலேருந்து விழுந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்க சாப்பாட்டக் கேக்குறீங்க."

அன்று முதல் அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. பஸ்ஸில் சாப்பிட ரொட்டியும் அவித்த முட்டையும். ராத்திரி தங்கும் அறையில் பொங்க அரிசி, அதற்குச் சின்ன மின்சாரக் குக்கர், கரண்டி, உப்பு. மறுநாள் பார்க்கில் கொறிக்க வாழைப்பழம், நறுக்கிய காரட். ஒன்றுக்கு இரண்டாக உருளைக்கிழங்குச் சோறு, ஒன்று கொட்டிப்போனால் மற்றொன்று. வெளிச்சாப்பாடு பார்க்கில் கூடாதாம், டாக்டர் கடிதம் இருந்தால் விடுவார்களாம், கடிதம் வாங்கியாயிற்று. அவசர ஊசி இரண்டு. புருஷன் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாம தீம் பார்க் போறமா, வீடு மாத்துறமா?" என்று கேட்டான்.

எல்லாம் முடிந்தது என்று அவள் நிமிர்ந்தபோது சின்னவள் வந்து மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அங்க கோட்டை மாதிரி ஒரு ஹோட்டல் இருக்காம். கரடி மூஞ்சி போட்ட தட்டுல சாப்பாடு தருவாங்களாம். ஒரு வேளை மட்டும் எல்லாரும் சாப்பிடுறத நானும் சாப்பிடட்டா?"

அந்தப் பெண் அதுவரை வெளியே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. பள்ளியில் யார் பிறந்த நாளுக்கும் அவளுக்கு மட்டும் தனி டப்பா. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், விசாரித்துப் பார்க்கிறேன் என்றாள். நாத்தனார் அந்த ஹோட்டலுக்கு எழுதிக் கேட்டு, வேர்க்கடலை இல்லாமல் தனியாகச் செய்து தருகிறோம் என்று பதில் வாங்கினாள். இவள் போன் போட்டுச் சமையல்காரரையே பிடித்து, எண்ணெய் என்ன, கரண்டி வேறா, சாஸ் எது என்று துருவித் துருவிக் கேட்டாள். ஒரு வேளை என்று ஒப்புக்கொண்டாள். 

நீல மூடி டப்பாவும் பையில் ஏறியது.

பஸ் ஊரைத் தாண்டியதும் ரொட்டியைப் பிய்த்து வழக்கம்போல் முதல் துண்டை டப்பாவில் போட்டு மூடினாள். தேதி ஒட்ட மறந்துவிட்டதே என்று காகிதத்தைத் தேடி எடுத்து, துண்டு சரியாக இருக்கிறதா என்று மூடியைத் திறந்தாள். ஓரத்தில் ஒரு கடி இல்லை. டப்பா அவள் மடியைவிட்டு நகரவே இல்லை. வீட்டில் என்றால் சாயங்காலம் வரை ஆகும். இங்கே மூடியதுதான் தாமதம். மூடியை அவசரமாகச் சாத்தினாள். கூடவே ஓர் எண்ணமும் வந்தது, அவள் கேட்காமலே வந்தது. வெளியூர் கிளம்பினால் பிள்ளைகளுக்கு இப்படித்தான் பசிக்கும், பஸ் ஏறியதும் ஆரம்பித்துவிடும்.

அறையில் பொங்கிய சோறும் அப்படியே. காலையில் வாழைப்பழமும் அப்படியே. மூடுவாள், திறப்பாள், ஒரு வாய் இருக்காது.

பார்க் வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். டாக்டர் கடிதத்தைப் படித்தார். "நாலு பேருக்கு அஞ்சு டப்பாவாம்மா?" என்றார்.

"அது சாம்பிள்" என்றாள். சொன்னபோது குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

உள்ளே வெயில், கூட்டம், எங்கே திரும்பினாலும் பாட்டு. நாத்தனார் தொப்பி வாங்கினாள். புருஷன் ஒவ்வொரு ராட்டினத்தின் அடியிலும் குனிந்து நட்டு போல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏற விட்டான். சின்னவள் ஒரு கையை அப்பாவிடம் கொடுத்திருந்தாள். மறு கையை யாரிடமோ கொடுத்தது போல லேசாக நீட்டிக்கொண்டே நடந்தாள். "கைய ஏன்டி அப்படி வச்சிருக்கே?" என்று அத்தை கேட்டதற்கு, "சும்மா" என்றாள். படகில் ஏறியபோது நடு இருக்கையில் உட்காராமல் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்தாள். தாய் அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் தண்ணீரைப் பார்த்தாள்.

மதியம் கோட்டை ஹோட்டலில் இடம் கிடைத்தது. கரடித் தட்டு வந்தது. கரடி வயிற்றில் சோறு, கையில் கோழித் துண்டு, மேலே பழுப்பு நிறச் சாஸ். சின்னவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துப் புருஷன் மூக்கை உறிஞ்சினான்.

"இருடா கண்ணு, முதல் கரண்டி" என்று சொல்லி அவள் சாஸோடு ஒரு கரண்டி எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

"அண்ணி, இங்கயுமா?" என்றாள் நாத்தனார். "சரி, புள்ள முதல் வாய் வைக்கிறத போட்டோ எடுக்கணும். இருங்க, வெளிச்சம் சரியில்ல. அண்ணா, நீ கொஞ்சம் நகரு."

அவள் வெளிச்சம் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் மேஜைக்கு அடியில் மூடியைத் திறந்தாள். சோறு வைத்தபடி இருந்தது. மூடினாள். கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள். அப்படியேதான் இருந்தது. பசிக்கவில்லையோ என்று நினைத்தாள். காலையில் வாழைப்பழத்தை மூடுவதற்குள் தின்ற பசி எங்கே போயிற்று? மறுபடியும் மூடி, கண்ணை இறுக்கிக்கொண்டு, மறுபடியும் திறந்தாள். ஒரு பருக்கை நகரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த டப்பாவில் தொடப்படாமல் இருந்த சாப்பாடு அதுதான் முதல்.

"ம், இப்ப வாயில வை" என்றாள் நாத்தனார்.

கரண்டி சின்னவள் உதட்டருகே போய்விட்டது. தாய் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். தட்டை இழுத்தாள். சாஸ் மேஜையெல்லாம் சிந்தியது. சின்னவள் வீறிட்டு அழுதாள், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணி, உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? எழுதியே குடுத்திருக்காங்க."

"சமையல்காரர வரச் சொல்லு."

வந்தார். மரியாதையான மனிதர். போனில் பேசியது நான்தான், எல்லாம் பார்த்துத்தான் செய்தோம் என்றார். "சாஸை மட்டும் இன்னொரு தரம் பாத்துட்டு வாங்கய்யா" என்று அவள் கெஞ்சினாள். போனவர் திரும்பி வரும்போது கையில் ஒரு டின் இருந்தது, முகத்தில் ரத்தம் இல்லை.

"எப்பவும் போடுற சாஸ் காலையிலயே தீந்துடுச்சாம்மா. வேற டின்ன உடைச்சிருக்காங்க, எங்கிட்ட சொல்லல. இதுல வேர்க்கடலை அரைச்சுப் போட்டிருக்கு." அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

 அவள் சின்னவளின் வாயைத் துடைத்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், கழுத்தைத் தடவினாள், ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணினாள். ஒன்றும் ஆகவில்லை. கரண்டி உதட்டைத் தொடவே இல்லை. நாத்தனார் தரையில் உட்கார்ந்து அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் மேஜையைத் துடைத்து, டப்பாக்களை மூடி, கிடந்ததையெல்லாம் வாரிப் பைக்குள் போட்டான். சின்னவள் உருளைக்கிழங்குச் சோற்றையே தின்றாள். சமையல்காரர் கழுவித் தந்த கரடித் தட்டில் வைத்துத் தின்றதால் பாதி அழுகை அடங்கியது.

மாலையில் பஸ் ஏறினார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. சின்னவள் ஜன்னலோரம் சாய்ந்து தூங்கினாள், பின்னால் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்போதுதான் ஊசியை அதன் உறைக்குள் வைத்தாள். ஒன்றைப் பறிகொடுத்தேன், இதைக் காப்பாற்றிவிட்டேன் என்று மனது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. பையை ஒழுங்குபண்ணலாம் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். அடியில் நீல மூடி கையில் தட்டுப்பட்டது.

அதை மறந்தே போயிருந்தாள். ஒரு பிள்ளையின் கையைத் தட்டிவிட்டாள், தட்டைப் பிடுங்கினாள், வாயைத் துடைத்தாள். இன்னொன்றின் முன்னால் வைத்த சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டாள். மதியத்திலிருந்து அது இந்தப் பையின் இருட்டுக்குள் இருக்கிறது. பசியோடு இருக்கிறது.

மூடியைத் திறந்தாள். ஒரு வாய் குறைந்திருந்தது.

இத்தனை வருஷமும் தான் செய்துவந்தது என்ன என்று அவளுக்கு அப்போது விளங்கியது. ஒரு மகளுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்க்க இன்னொரு மகளை முதலில் தின்ன வைத்திருக்கிறாள். எந்தத் தாயாவது செய்வாளா? அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது, அதை முந்தானையால் அடைத்துக்கொண்டாள். பிறகு டப்பாவைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்து, விருந்து வீட்டில் அன்றைக்கு யாருமே சொல்லாததைச் சொன்னாள்.

"துப்பிடு கண்ணு. அம்மா வந்துட்டேன். துப்பிடு."

பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விடாமல் அதையே சொன்னாள். பின் இருக்கையிலிருந்து புருஷன் எட்டி அவள் தோளில் கை வைத்தான்.

ஜன்னலோரம் சின்னவள் கண்ணைத் திறக்காமல் புரண்டு படுத்தாள்.

"அவ அப்பவே துப்பிட்டாம்மா" என்றாள் தூக்கக் கலக்கத்தில். "வேற ஏதாவது குடு. பசிக்குதாம்."

அவள் கடைசி வாழைப்பழத்தை உரித்தாள். ஒரு துண்டைச் சின்னவள் கையில் வைத்தாள், ஒரு துண்டைத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். அதற்குப் பிறகுதான் டப்பாவில் ஒரு துண்டை வைத்தாள். தேதி ஒட்டவில்லை, மூடியையும் போடவில்லை, வீடு வரும்வரை மடியிலேயே வைத்திருந்தாள்.