சேலைக்குள் மறைத்த சூரியத் தகடு

நாங்கள் அகதியாக வந்து குடியேறிய மல்வேர்னில் எங்கள் அன்புராசா அண்ணை நம்புகிற ஒரே சாமான் கதவுச் சங்கிலிதான். வங்கிக் கடிதத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைப்பார். அப்படிப்பட்டவருக்கு என் கேம்பிங் ட்ரெய்லரையும் சூரியத் தகட்டையும் இரவல் கொடுத்தது என் புத்தி கெட்ட வேலை.

கொடுத்தது அவருடைய மனைவி பாலேஸ்வரி அக்காவுக்காக. அக்காவுக்குத் தொய்வு என்கிற ஆஸ்துமா. மூச்சு இழுத்தால் மருந்துப் புகை பிடிக்கும் மெஷின் உடனே ஓட வேண்டும். அதனால் ஏழு வருடமாகக் கரண்ட் இல்லாத எந்த இடத்துக்கும் அவர் போனதில்லை. தகட்டை வெயிலில் வைத்தால் பற்றரி ஏறும், பற்றரியில் மெஷின் ஓடும் என்று விளங்கப்படுத்தினேன்.

"சும்மா வாற கரண்ட் எண்டால் உதிலை ஏதோ சுத்துமாத்து இருக்கு," என்றார் அண்ணை. அக்கா முறைத்ததும் அடங்கினார்.

அது தொண்ணூற்றேழு ஆடி மாதம். அவர்கள் இருவரும் காட்டுப் பூங்காவில் தங்கப் போன மூன்றாம் நாள் காலை, அண்ணை பூங்கா வாசல் தொலைபேசியிலிருந்து கத்தினார். "டேய் ஸ்ரீதரன், பழுதான தகட்டைத் தந்து ஏமாத்திப்போட்டாய்! பற்றரி செத்துப்போச்சு. இவவுக்கு இழுக்கத் துவங்கினால் நான் என்ன செய்யிறது? இவவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறன்."

நான் வருமட்டும் நிற்கச் சொல்லிவிட்டு, அஜக்ஸில் என் வீட்டிலிருந்து வழி முழுக்கத் திட்டிக்கொண்டே கார் ஓட்டினேன். போய்ப் பார்த்தால் தகட்டுக்கு மேல் அக்காவின் பழைய சேலை.

"மூண்டு நாளா மூடித்தான் கிடக்கு. காக்கிச் சட்டைக்காரன் சுத்தித் திரியிறானாம், கண்டிடுவானாம்," என்றார் அக்கா. அந்தக் காக்கிச் சட்டைக்காரர் பூங்காக் காவலர்.

"நூல் சீலைதானே, வெயில் உள்ளுக்கை போகும் எண்டு நினைச்சன்," என்றார் அண்ணை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊரிலை பற்றரிக்குத் தடை. அதை வச்சிருந்ததெண்டுதான் ஆமி என்ரை தம்பியைக் கொண்டுபோனது. இன்னும் வரேல்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அக்கா ட்ரெய்லருக்குள் போய் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார். அண்ணை அதைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சேலையை இழுத்தெடுத்தார். பற்றரியின் அளவு காட்டும் முள் மெல்ல ஏறியது.

அரை மணித்தியாலத்தில் காவலர் வந்தார். குனிந்து தகட்டைப் பார்த்து, இது யாருடையது என்று ஆங்கிலத்தில் கேட்டார். தானும் ஒன்று வாங்க நினைத்திருப்பார் போல.

அண்ணை அக்காவைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினார். இரண்டு கைகளையும் விலங்குக்கு நீட்டுவது போல நீட்டிக்கொண்டு, தமிழிலேயே சொன்னார்:

"என்ரைதான். இவவுக்கு ஒண்டும் தெரியாது. என்னைக் கொண்டுபோங்கோ. வெயில் இறங்குமட்டும் தகட்டை எடுத்துப்போடாதேங்கோ."