இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

இதை எழுதவேண்டும் என்று மூன்று வருடமாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க வாய் வரவில்லை.

மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது. ஒரு வெளிநாட்டு மொழியும் படிக்கவேண்டுமாம். பிரெஞ்சா, யப்பான் மொழியா என்று படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டும். என் தம்பி பிரான்சில். எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அவளுக்கோ யப்பான் மொழிதான் வேண்டும்.

“அங்க எங்கட ஆக்கள் ஆர் பிள்ளை இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லையப்பா. அதுதான் எனக்குப் பிடிச்சது. பிரெஞ்சு படிச்சா சித்தப்பா வீட்டுக் குசினிக்குள்ளதான் சமைச்சுக்கொண்டு நிப்பன்.”

“என்ர மகளா இருக்கிறது அவ்வளவு கரைச்சலோ?”

“கரைச்சல் இல்லை. ஒருக்கா நானா இருந்து பாக்கோணும்.”

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயலுக்குப் போனால் வரம்பில் நிற்க முடியவில்லை, வீட்டுக்கு வந்தால் கதிரையில் இருக்க முடியவில்லை. படிவம் கொடுக்க நான்கு நாள்தான் இருந்தது. அம்மனிடம் பூ வைத்துக் கேட்போம் என்றேன். எங்கள் வீட்டில் கலியாணப் பேச்சும், கிணறு வெட்டுவதும் அப்படித்தான் முடிவாகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்தால் அதுதான் வாக்கு.

“வெள்ளை எண்டால் பிரெஞ்சு, சிவப்பு எண்டால் யப்பான். பிறகு கதை மாத்தக் கூடாதப்பா” என்றாள்.

பொட்டலம் மடித்தது நான். கோயில் அலரி மரத்தடியில் நின்று இரண்டிலும் வெள்ளையையே வைத்தேன். கை அதைச் செய்தது. வாய் தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தது.

மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள். பிறகு பூவைத் தலையில் வைத்துக்கொண்டு, “அம்மன் சொன்னாச் சரி” என்றாள். மற்றப் பொட்டலத்தைச் சேட்டுப் பைக்குள் கொண்டுவந்து வாய்க்காலில் விட்டேன்.

அவள் நன்றாகத்தான் படித்தாள். அதுவே எனக்கு ஆக்கினையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வேலியடியில் நின்று, “உங்கட பிள்ளைக்கு அம்மனெல்லோ வழி காட்டினவா, அண்ணை! என்ர மகளுக்கும் பூ வைக்கப்போறன்” என்பாள். நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். பொங்கல் வைத்தேன், காவடி எடுத்தேன். அம்மனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

போன விடுமுறைக்கு மகள் வந்திருந்தபோது சொல்லிவிட்டேன். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வாய் திறந்து கேட்டிருந்தா உங்களுக்காகவே எடுத்திருப்பனே. அம்மனை ஏன் இதுக்குள்ள இழுத்தனீங்கள்?”

“மாட்டன் எண்டு சொல்லிப்போடுவாய் எண்டு பயம்.”

“முதல் மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன். பிறகு எடுத்திருப்பன்.” எழும்பிப் போனவள் வாசலில் நின்று திரும்பினாள். “பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லுங்கோ. அவா பூ வைக்க முதல் சொல்லுங்கோ.”

வேலியடிக்குப் போய்ச் சொன்னேன். “சும்மா பகிடி விடாதேங்கோ அண்ணை” என்று சிரித்தாள். அதனால்தான் எழுதுகிறேன். மகள் இப்போது போனைப் பார்த்து யப்பான் மொழி படிக்கிறாள். எங்கே போவாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியாமல் முற்றத்தில் நடக்கிறேன்.

வாசித்தவர்கள் இதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது அம்மன் காட்டிய வழி என்று மாற்றிவிடாதீர்கள். இரண்டிலும் வெள்ளைப் பூ, வைத்தது அப்பன் என்றே சொல்லுங்கள்.