சேரன்மாதேவிக்குப் பிறகு அம்பாசமுத்திரம்

பேச்சியக்கா போய்விட்டார் என்று ரந்தாவிலிருந்து செவ்வாய்க்கிழமை காலையில் சேதி வந்தது. ரப்பர் தோட்டத்தில் அவரோடு பால் வெட்டியவர்கள், ஒரே லயத்து வீடுகளில் இருந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

ஜப்பான்காரன் காலத்தில் அக்காவின் கணவர் சுப்பையாவை லிங்கிப் பக்கத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப் போனார்கள். அதன் பிறகுதான் அக்கா தனியாக எங்கள் தோட்டத்துக்கு வந்தார். தாலித் தங்கம் அரிசிக்குப் போயிருந்தது. கழுத்தில் கயிறும் ஒரு மஞ்சள் துண்டும்தான். “செத்த சேதி வராம அறுக்க மாட்டேன்” என்பார்.

சண்டை முடிந்து என் அப்பா சயாமிலிருந்து திரும்பினார். அங்கே அடுத்த கொட்டகையில் சுப்பையா என்றொருவர் காய்ச்சலில் இறந்தாராம். கடைசிவரை தாமிரபரணி போகும் வழியையே சொல்லிக்கொண்டிருந்தாராம்: “பாபநாசம், சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், திருவைகுண்டம், புன்னைக்காயல்.”

எனக்குப் பத்து வயது. பள்ளியில் ஆறுகளை மனப்பாடம் செய்தவள். “தப்புப்பா, அம்பாசமுத்திரம்தான் முதல்ல” என்றேன். “படிச்ச புள்ள சொன்னா சரிதான்” என்ற அப்பா, அக்காவிடம் என் வரிசையிலேயே சொன்னார்.

அக்கா கவனமாகக் கேட்டார். “அது வேற யாரோண்ணே. அவரு இல்ல” என்றார். அந்த முகத்தின் நிம்மதியைப் பார்த்து அப்பா மேலே பேசவில்லை. மறுவருடம் அப்பாவும் இல்லை. தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருவர், மனைவியை இழந்தவர், பெண் கேட்டபோது, “அவரு வந்து நின்னா என்ன சொல்ல?” என்று அக்கா மறுத்துவிட்டார்.

கல்லூரி விடுமுறையில் ஒருநாள், மரவள்ளிக்கிழங்கு உரித்தபடி அக்கா சொன்னார்: “நான் அம்பாசமுத்திரம், அவரு சேரன்மாதேவி. ‘ஆறு எங்க ஊருக்கு வந்துட்டுத்தான் உங்க ஊருக்கு வரும்’னு வேணும்னே மாத்திச் சொல்லுவாரு. ‘ஆமா, உங்களுக்காக ஆறு மலையேறுமாக்கும்’னு நான் வைவேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் சொல்லாமல் இருந்தேன். ஒவ்வோர் ஆடிப் பதினெட்டுக்கும் அவர் கயிறு மாற்றிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் மருத்துவமனையில் சொன்னேன். அக்கா என்னைத் திட்டவில்லை. “இத்தன வருசமா அவருக்கு ஒரு பிடி சோறு வைக்காம இருந்துட்டேனே” என்றார். பிறகு கயிற்றைத் தானே கழற்றி என் கையில் வைத்தார்.

அது என்னிடம் இருக்கிறது. வரும் அமாவாசைக்கு லிங்கி ஆற்றங்கரையில் இரண்டு இலை போடப் போகிறேன்.