ராகு காலத்துக்கு முன் போட்ட கையெழுத்து

அரசு அலுவலகத்தில் எனக்குச் சம்பளமே அடுத்தவர் எழுதிய கோப்பில் குறை கண்டுபிடிக்கத்தான். அஸ்தினாபுரத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஃப்ளாட் வாங்கினால்கூட, பத்திரத்தை என்னிடம் காட்டிவிட்டுத்தான் முன்பணம் கொடுப்பார்கள். அப்பேர்ப்பட்ட நான்தான், வருடத்துக்கு ஒரு வாரம் மலை விடுதியில் தங்கும் உரிமை என்று ஒரு திட்டத்தில், ஒரு வரி படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஏன் படிக்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ராகு காலம்.

குரோம்பேட்டையில் துணி வாங்கப் போன இடத்தில் ஒரு பெண் கூப்பனை நீட்டினாள். பேர், நம்பர் எழுதிப் பெட்டியில் போட்டோம். மறுவாரமே போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறதாம், ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால்தான் தருவார்களாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஓட்டல் ஹாலுக்குப் போனோம். டை கட்டிய ஒருவன் எங்களை உட்கார வைத்து ஊட்டி, மூணாறு, கொடைக்கானல் என்று படம் காட்டித் தள்ளினான். எப்போது கேட்டாலும் ரூம் கிடைக்குமாம். வேண்டாம் என்றால் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளுமாம். இந்த விலை இன்றைக்கு மட்டும்தானாம். வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். அவன் அதைக் காதில் வாங்கவேயில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்து, நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும், போடுவதென்றால் அதற்குள் போட வேண்டும் என்று வாயை விட்டேன். அவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"கரெக்டா சொன்னீங்க சார். நல்ல நேரத்துலயே ஆரம்பிச்சிடலாம்."

பேனாவைத் திறந்து என் கையிலேயே கொடுத்துவிட்டான். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஹாலில் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று எல்லாருக்கும் ஒரு கும்பிடு வேறு போட்டேன். சே, நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளைகளின் பரீட்சை லீவுக்கு ரூம் கேட்டோம், இல்லை என்றார்கள். தீபாவளிக்கும் இல்லை. தங்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் கட்டச் சொல்லி மெசேஜ் மட்டும் தவறாமல் வந்தது. சரி, திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், அப்படி எங்கே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றார்கள். அன்றைக்குத்தான் முழுசாகப் படித்தேன். அவன் வாய் கிழியச் சொன்னதில் ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை. தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. இந்த வருஷம் எங்கே சார் டிரிப் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம், ஆபீஸில் ஆடிட், லீவே இல்லை என்று புளுகினேன்.

போன மாதம், எப்படியாவது ரத்து செய்யச் சொல்லிக் கேட்போம் என்று மனைவி என்னைக் கிளப்பிக்கொண்டு போனாள். மேனேஜர் ஞாயிறன்று தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் இருப்பார் என்று சொல்லியிருந்தார்கள். போனால் அதே மாதிரி ஹால், அதே மாதிரி மேசைகள். உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

பக்கத்து மேசையில் இளவயதுத் தம்பதி, மடியில் கைக்குழந்தை. கேளம்பாக்கத்தில் வாடகைக்கு இருப்பதையும், சொந்த ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பணம் சேர்த்து வைத்திருப்பதையும் எதிரே இருந்த விற்பனைக்காரப் பெண் அவர்களிடமிருந்து நைசாகக் கறந்துவிட்டிருந்தாள். அவள் பேசுவது என் காதில் விழுந்தது. எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள். இன்றைக்கு மட்டும் இந்த விலை என்றாள். எங்களுக்குச் செய்தது போலவே, மேனேஜருக்குப் போன் போட்டு, 'ஸ்பெஷல் கேஸ் சார்' என்று கெஞ்சுகிற மாதிரி கெஞ்சினாள். அட, நமக்காக அன்று ஒருத்தன் மேனேஜரோடு மல்லுக்கு நின்றான் என்று நான் உருகிப் போயிருந்தேனே! வாராவாரம் நடக்கிற நாடகம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவள் காகிதங்களை எடுத்துவர எழுந்து போனாள். அந்தப் பையன் என் மடியில் இருந்த மெம்பர் ஃபைலைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தான்.

"அங்கிள், நீங்க மெம்பரா? எப்படி இருக்கு, யூஸ் ஆகுதா?"

"நல்லாருக்கு," என்றேன். "ஃபேமிலியோட போய்ட்டு வரலாம்."

என் வாய்தான் சொன்னது. அவன் நிம்மதியாக மனைவியைப் பார்த்துத் தலையாட்டினான். அந்தப் பெண் குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பைக்குள் பேனா தேடினாள்.

என் மனைவி நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இல்லப்பா. எங்களுக்கு ஒரு தடவைகூட ரூம் குடுக்கல. கட்டின பணமும் போச்சு. அதைக் கேக்கத்தான் வந்திருக்கோம். ஃப்ளாட்டுக்கு வச்ச காசுல கை வைக்காதீங்க."

அந்தப் பெண் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். அவனும் பின்னாலேயே போனான். வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். நன்றி சொல்ல வருகிறான் என்று நினைத்தேன். அவன் கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"அப்புறம் ஏன் அங்கிள் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

பதில் தெரியும். ஃபைலை மடியில் கவிழ்த்துப் போட்டேன். நான் ஏமாந்தவன் என்று முன்பின் தெரியாத ஒருவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதற்காக அவன் வீடு போனாலும் போகட்டும் என்று இருந்துவிட்டேன். அவன் போன பிறகும் என் மனைவி அந்தப் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.