மச்சாளின் கோழிகளும் என் மின்னஞ்சல் பெட்டியும்

மச்சாளுக்கு விசா வருவதென்றால் அந்தச் செய்தி என் மின்னஞ்சலுக்குத்தான் வரவேண்டும். விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். அந்தப் பெட்டியோ ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ‘உங்கள் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது, இனிக் கடிதங்கள் வந்து சேராது’ என்று சிவப்புக் கோடு போட்டு அறிவித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த நான், சேலைக் கொய்யகம் மடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன்.

மச்சாள் என் கணவரின் அக்கா. கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோரம் எங்களுக்கு ஒரே வளவு, இரண்டு வீடு. நடுவில் வேலி கிடையாது. வேலி இருந்தாலும் மச்சாளின் குரலுக்கு அது தடையாக இருந்திருக்காது. அவருடைய ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். தை பிறந்தபின் அவளுக்கு முதல் பிள்ளை பிறக்க இருந்தது. அப்போது கார்த்திகை மாதம். போனில் அவள் எப்போதும் ஒரே கதைதான் சொல்லுவாள்: “நீங்கள் வராட்டியும் பரவாயில்லையம்மா. இஞ்ச எல்லா வசதியும் கிடக்கு.” மச்சாள் போனுக்கு முன்னால் நல்ல பிள்ளை போலத் தலையாட்டுவார். பிறகு நேரே என் குசினிக்கு வந்து, “வசதி வந்து பிள்ளை பெத்தவளுக்குச் சரக்குக்கறி காய்ச்சிக் குடுக்குமோ?” என்று என்னைப் பிடிப்பார். ஏதோ நான்தான் அந்த வசதிகளையெல்லாம் செய்துகொடுத்தவள் போல.

மகளின் கலியாணத்துக்கும் மச்சாள் விண்ணப்பித்தவர்தான். விசா மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதமும் என் மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. வாசித்துத் தமிழில் சொன்னவளும் நான்தான். போனால் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள். மச்சாளைத் தெரியாதவர்கள் எழுதிய கடிதம் அது. ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்குச் செத்தவீட்டுக்குப் போனால், பின்னேரம் கோழி அடைக்கவேண்டும் என்று பிரேதம் எடுக்குமுன்னமே பஸ் ஏறுகிற மனுசி அவர். இந்த முறையும் அப்படியொரு கடிதத்தை நான் வாசிக்க நேர்ந்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தேன். கடிதமே வராமல் போகும் என்று மட்டும் நான் நினைக்கவில்லை.

அன்று பின்னேரம் பழைய கடிதங்களை அழிக்கத் தொடங்கினேன். கல்விக் கந்தோரின் சுற்றறிக்கைகள், அந்தச் சுற்றறிக்கையில் பிழை என்று வந்த சுற்றறிக்கைகள், பிழையென்று சொன்னதுதான் பிழை என்று அதற்குப் பிறகு வந்தவை. பயிற்சிப் பட்டறைப் படங்கள் வேறு. எல்லாவற்றிலும் நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். ஒன்றுக்கும் இரக்கம் காட்டவில்லை. எல்லாம் முடித்துப் பார்த்தால், சிவப்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

“ஒருக்கா ஓஃப் பண்ணிப்போட்டு ஓன் பண்ணும்,” என்றார் என் கணவர். தண்ணீர்ப் பம்புக்கும் அவர் அந்த வைத்தியம்தான் செய்வார். அதையும் செய்து பார்த்தேன். கோடு அசையவில்லை.

விண்ணப்பத்தை நிரப்பித் தந்தவர் வவுனியாவில், நெளுக்குளத்தில் இருக்கிறார். அவருக்குப் போன் எடுத்தேன்.

“ரீச்சர், நீங்கள் அழிச்சதெல்லாம் குப்பைத்தொட்டியில கிடக்கும். அதையும் காலி பண்ணோணும். கெதியாச் செய்யுங்கோ. அவங்கள் பாஸ்போட் கேட்டு எழுதினால் குறிச்ச நாளுக்குள்ள அனுப்போணும். இல்லாட்டி பைலை மூடிப்போடுவாங்கள்.”

குப்பைத்தொட்டியைக் காலி செய்தேன். வேண்டாத கடிதங்கள் போய் ஒதுங்கும் மூலையையும் துடைத்தேன். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார், பொறுத்தேன். மறுநாளும் ‘நிரம்பிவிட்டது’ என்றுதான் சொன்னது. என்ன பிழைப்பு இது! பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்குப் பொடியனைக்கூட நான் அப்படி ஏசியதில்லை. அன்று லப்டொப்பை ஏசினேன்.

சத்தம் கேட்டு மச்சாள் தேத்தண்ணியோடு வந்தார்.

“என்ன, பெட்டி இன்னும் இடம் விடேல்லையோ?”

“எல்லாத்தையும் அழிச்சிட்டன் மச்சாள். இனி அழிக்க ஒண்டுமில்லை.”

“நீர் குசினி கூட்டுற மாதிரித்தான் அழிச்சிருப்பீர். நடுவைக் கூட்டிப்போட்டு மூலையை விட்டிருப்பீர்.”

வந்த கோபத்தில் அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே ஓங்கி அமத்தினேன். நல்ல காலம், அது ஒரு பக்கத்தைத் திறந்தது. எது எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அதில் காட்டியது. என் கடிதங்களெல்லாம் சேர்ந்து நகக்கண் அளவுதான். மிச்சம் முழுவதும் படங்களும் வீடியோக்களும். நான் வீடியோ எடுக்கிறவளே இல்லை. யாருடையவை என்று திறந்தேன். ஒரு கோழி வந்தது. அடுத்ததைத் திறந்தேன். அதிலும் கோழி, கொஞ்சம் கிட்ட நின்றது. பிறகு எங்கள் கிணற்றடி, முருங்கை மரம், மழைக்குள் நிற்கும் மாடு, மறுபடி கோழி. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது.

மச்சாள் போன் வாங்கிய நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டவுனில் கடைக்காரர் மின்னஞ்சல் முகவரி கேட்டார். எங்கள் ஒழுங்கையில் முதன்முதலாக மின்னஞ்சல் வைத்திருந்தவள் என்ற பெருமையில், வீட்டு விலாசம் சொல்வதுபோல நான் என்னுடையதைச் சொன்னேன். ஒரு வளவுக்கு ஒரு கிணறு போதும் என்றால் மின்னஞ்சல் மட்டும் எதற்கு இரண்டு? அன்றிலிருந்து மச்சாள் மகளுக்காக எடுத்த ஒவ்வொரு வீடியோவின் பிரதியும் தானாகவே என் கணக்கில் வந்து குந்தியிருக்கிறது. வேலியில் போன ஓணானை மடியில் கட்டியவள் வேறு யாருமில்லை, நான்தான்.

“மச்சாள், உங்கட கோழியள்தான் உங்கட விசாவை மறிச்சுக்கொண்டு நிக்குதுகள்,” என்றேன்.

அவருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியபின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தார். பேரம் தொடங்கியது.

“இந்தக் கோழியை அழிக்கட்டோ?”

“ஐயோ, அது முதல் முட்டையிட்ட அண்டைக்கு எடுத்தது.”

“இது?”

“அது அதின்ர தாய்.”

இன்னொன்றைத் திறந்தபோது என் குசினி வாசல் தெரிந்தது. உள்ளே நான் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். மச்சாளின் குரல் இரகசியம் பேசுவதுபோல் மகளுக்குச் சொல்கிறது: “பிள்ளை, உன்ர மாமி இண்டைக்குப் புட்டு அவிச்சிருக்கிறா. சுவரில எறிஞ்சால் சுவர்தான் உடையும்.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

“அது பகிடிக்குச் சொன்னது,” என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. “அவளுக்கு அங்க சிரிக்க ஆர் இருக்கினம்? வேலை, வீடு, வேலை, வீடு. கொஞ்சம் சிரிக்கட்டும் எண்டுதான் உம்மைப் பற்றிச் சொல்லுறனான்.”

“உங்கட சமையலைப் பற்றியும் சொல்லியிருக்கலாமே?”

“அதைச் சொன்னால் அழுவாள், சாப்பிடக் கிடைக்கேல்லையெண்டு.”

அந்த மனுசியோடு கதைத்து வெல்ல என்னால் இன்றுவரை முடிந்ததில்லை. கோபிக்கத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. புட்டு வீடியோவை மட்டும் அவரைக் கேளாமலே அழித்தேன். கோழிகள், மாடு, முருங்கை மரம் என்று ஒவ்வொன்றாக அவரும் விட்டுக்கொடுத்தார். ஆனாலும் சிவப்புக் கோடு முழுதாக இறங்கவில்லை. ஒரேயொரு வீடியோ மிச்சம் இருந்தது. கோழிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. அது மகள் அனுப்பியிருந்த அவளுடைய கலியாண வீடியோ.

அந்தக் கலியாணத்தை நாங்கள் எங்கள் விறாந்தையில் இருந்து இந்த லப்டொப்பில்தான் பார்த்தோம். மச்சாள் பட்டுச்சேலை உடுத்து, கொண்டைக்குப் பூ வைத்து, லப்டொப்புக்கு முன்னால் நிறைகுடம் வைத்து, பெண்ணின் தாயாக நிமிர்ந்து இருந்தார். தம்பியான என் கணவரை வேட்டி சால்வையோடு வரச்சொல்லி வெருட்டினார். தாலி கட்டும்போது எழும்பி நின்று கைநிறைய அறுகரிசியை எடுத்துத் திரையின் மேல் போட்டார். பாதி அரிசி விசைகளுக்குள் போய்விட்டது. திருத்தக் கொண்டுபோன இடத்தில், “ரீச்சர், இதுக்குள்ள சோறு காய்ச்சினீங்களோ?” என்று கேட்டார்கள். அன்று எல்லாருமாகச் சிரித்தோம். ஒன்றைப் பற்றி மட்டும் நாங்கள் பிறகு கதைக்கவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் பெரியவர்களின் காலில் விழும் நேரம் வந்தது. தாயின் இடத்தில் யாரோ ஒரு தூரத்துச் சொந்தக்காரி நின்றார். மகள் அவருடைய காலில் விழுந்தபோது, எங்கள் விறாந்தையில் மச்சாள் தன் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

“இதை அழிக்க வேண்டாம் மச்சாள்,” என்றேன். “இஞ்ச அழிச்சால் உங்கட போனிலயும் போயிடும். நாளைக்கு டவுனுக்குக் கொண்டுபோய் வேற ஒண்டில ஏத்தி வைப்பம். பிறகு பாக்கலாம்தானே.”

“பிறகெண்டால் எப்ப?”

நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

“விசா வராட்டி இதையாவது பாத்துக்கொண்டு இருக்கலாம் எண்டுதானே சொல்லுறீர்? வராது எண்டு நினைச்சுக்கொண்டு ஒண்டை எடுத்து வைச்சால் அது வராமத்தான் போகும். அவளிட்ட இருக்கும். நான் அங்க போய், அவளுக்குப் பக்கத்தில இருந்து பாக்கிறன். நீர் அழியும்.”

என் கை போகவில்லை. உண்மையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சாள் என் கையைத் தட்டிவிட்டு, எந்த விசை என்று கேட்டு, தன் சுட்டுவிரலால் தானே அமத்தினார். உண்மையாகவே அழிக்கவா என்று லப்டொப் கேட்டது. நான் அதைத் தமிழில் சொன்னேன்.

“ஓமெண்டு சொல்லும் அதுக்கு.”

“குப்பைத்தொட்டியிலயும் இன்னொருக்கா அழிக்கோணும் மச்சாள்.”

“பெத்த பிள்ளையின்ர கலியாணத்தை ரெண்டு தரம் அழிக்கோணுமோ? சனியன் பிடிச்ச பெட்டி!” என்றார். இரண்டாம் தரமும் அவரே அமத்தினார். பிறகு எழும்பி, ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவப் போனார்.

கோடு உடனே இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தபோதுதான் எச்சரிக்கை போயிருந்தது. மச்சாளின் போனுக்கு, கடைக்காரரைக் கொண்டு தனியாக ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்தேன். அதன்பிறகு நாங்கள் காத்திருந்தோம். பள்ளிக்கூடத்தால் வந்ததும் வராததுமாகப் பெட்டியைத் திறப்பேன். மச்சாள் தன் வீட்டு வாசலில் நின்று தலையை மட்டும் நீட்டுவார். நான் இல்லையென்று கையைக் காட்டுவேன். மார்கழியும் பிறந்துவிட்டது.

ஒரு மத்தியானம் அது வந்திருந்தது. நான் கூப்பிடவேயில்லை, மச்சாள் வந்துவிட்டார். ஆங்கிலத்தில் இருந்த முதல் வரியைத் தமிழில் சொல்ல முன்னமே என் முகத்தைக் கவனித்தார்.

“அழாமல் சொல்லும். வருதோ, இல்லையோ?”

“பாஸ்போட்டைக் கேக்கிறாங்கள் மச்சாள்.”

பாஸ்போட் கேட்டால் விசா கிடைத்த மாதிரித்தான் என்று நெளுக்குளத்துக்காரர் சொல்லியிருந்தார். அது மச்சாளுக்கும் தெரியும். அந்த நேரம் கனடாவில் சாமம் என்பதைக்கூட யோசிக்காமல் மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். அவள் நித்திரைக் கண்ணோடு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி இருந்தாள். மச்சாளுக்கு வாய் வரவில்லை. “நீர் சொல்லும்,” என்று போனை என்னிடம் நீட்டினார். ஊருக்கே வகுப்பெடுக்கிற என் வாயும் அடைத்துவிட்டது. சாமத்தில் இரண்டு பொம்பிளைகள் போனுக்குள் நின்று அழுதால் அந்தப் பிள்ளை என்னவென்று நினைக்கும்? “ஆருக்கு என்ன? மாமாக்கு என்ன?” என்று கத்தத் தொடங்கிவிட்டாள்.

அந்த மாமா, என் கணவர், ஒன்றுமாகாமல் எங்களுக்குப் பின்னால் சோற்றுக் கையோடு நின்றார். எட்டிப் பார்த்து, “கொம்மாக்கு விசா வந்திட்டுது பிள்ளை. இவையள் சும்மா நிண்டு அழுகினம்,” என்றார்.

அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். இத்தனை மாதமும் எல்லா வசதியும் கிடக்கு என்று சொன்ன பிள்ளை, விரல்களுக்குள்ளால், “அம்மா, கெதியா வாங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றாள்.

மச்சாள் என்னிடமிருந்து போனைப் பறித்தார்.

“வாறன்,” என்றார்.