வெள்ளாற்றில் திரும்ப வேண்டும்

மாவுக்கட்டுக்குள் வேர்வை ஊறிக் கிளம்புகிற ஈரச் சுண்ணாம்பு வாடையும், விரல் நுழையாத இடத்தில் ஓயாமல் ஊரும் அரிப்புமாகத்தான் என் பதின்மூன்றாம் வயதுக் கோடை கழிந்தது. கடலூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுப் படியில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததால், பக்கத்து வீட்டுச் சுவரை மட்டுமே காட்டுகிற ஒற்றை ஜன்னலருகே விடுமுறை முழுக்கக் கிடந்தேன். கணினி பழுது பார்க்கும் அப்பா, பழைய பாகங்களைச் சேர்த்து ஒரு கணினியைக் கட்டிலருகே நிறுத்தி, விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். வானிலிருந்து எடுத்த உண்மையான படங்களையே தரையாக விரித்திருந்த விளையாட்டு அது.

வழிகாட்டும் வரைபடத்தை அணைத்துவிட்டு, கீழே தெரியும் ஆற்றையும் கரையையும் ரோட்டையும் மட்டும் பார்த்து ஊர் போய்ச் சேருவது நானாக வைத்துக்கொண்ட பயிற்சி. புதுச்சேரியில் கிளம்பி, கடலை இடப்பக்கம் விட்டுத் தெற்கே வந்து சிதம்பரத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பிச்சாவரத்துப் பச்சையைத் தாண்டி எங்கோ தொலைந்துபோவேன்.

அப்படித் தொலைந்த ஒரு மதியம், சோற்றுத் தட்டோடு வந்த அம்மா திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இது கொள்ளிடம்டி. வெள்ளாத்த விட்டுட்டு வந்துட்ட. பரங்கிப்பேட்டகிட்டயே சோத்தாங்கை பக்கம் திரும்பியிருக்கணும்."

அம்மா சிதம்பரத்தில் பிறந்தவள். ஆனால் அந்த ஊரைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை. கிறிஸ்தவரான அப்பாவை அவள் கட்டிக்கொண்டபோது, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று தாத்தா சொல்லிவிட்டாராம். பஸ்ஸில் ஒரு மணி நேர தூரம்தான். நான் பிறந்த பிறகு ஒருமுறைகூட அவள் போகவில்லை.

மறுநாள் வெள்ளாற்றில் திரும்பினோம். வயல்கள் நெருங்கி ஊராயின. கோயிலின் நான்கு கோபுரங்களும் நிமிராமல், வெறும் படமாகத் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தன. அம்மா சிரித்தாள். பிறகு, "தெக்கு வீதிக்கு அந்தாண்ட போ. கீழ எறக்கு. அந்தா, ஓட்டு வீடு, கெணறு தெரியுது பாரு," என்று திரையில் விரலை வைத்தாள். அவள் பிறந்த வீடு. அந்தக் கூரை கண்ணைவிட்டு மறையாதபடி விமானத்தை இடப்பக்கமாகவே சாய்த்துச் சுற்றினேன்.

அதன்பின் அடுப்பு வேலை முடிந்ததும் அவளாகவே வந்து கட்டிலில் உட்காருவாள். ஒருநாள் அப்பா பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நேராவே போயிட்டு வாயேன். எத்தினி நாளைக்கு இப்பிடி?"

"வாசப்படிய மிதிக்காதன்னுதான் சொன்னாரு. மேல பறக்காதன்னு சொல்லலியே," என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை.

கட்டைப் பிரித்து நான் நடக்கத் தொடங்கிய வாரம், அம்மா திடீரென்று புடவை மாற்றிக்கொண்டு, "வா, போவலாம்," என்றாள். சிதம்பரம் பஸ்ஸில் ஏறினோம்.

அந்தத் தெருவில் ஓட்டு வீடு இல்லை. கிணறும் இல்லை. ஜல்லி கொட்டிய வெற்று மனையில் வேன்கள் நின்றிருந்தன. எதிர்வீட்டு அம்மாள் அடையாளம் கண்டு ஓடி வந்தாள்.

"ஒனக்கு யாரும் சொல்லலியா? அப்பாவுக்கு முடியாம போச்சுன்னு ஒங்க அண்ணன் பெங்களூருக்கு அழைச்சிட்டுப் போயிடுச்சே. வீட்ட வித்து ரொம்ப நாளாச்சும்மா."

நாங்கள் நாள்தோறும் சுற்றிவந்தது எப்போதோ எடுத்த படத்தை. "இப்ப இருக்காராக்கா?" என்று அம்மா கேட்டாள். அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. போன் நம்பரும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டுத் தன் மடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு என் கட்டிலுக்கு அவள் வரவே இல்லை.

தாத்தா இறந்த செய்திகூட, அவர் போய் ஒரு வருடம் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது.

இப்போது நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அந்த விளையாட்டின் புதிய பதிப்பில் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. வேன்கள் நின்ற மனையில் மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. அம்மாவிடம் தன் வீட்டுப் படம் ஒன்றுகூட இல்லை. இருந்த ஒரே படம், நான் சாய்த்துச் சாய்த்துக் காட்டிய அந்த ஓட்டுக் கூரைதான்.