ஒரே கிட்டார், அவருக்கு இடது கை

இன்று பண்டாரவளையில் கிட்டார் கம்பி கேட்டதும் எல்லாரும் நானா என்று கூப்பிடும் கடைக்கார அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இந்த மாசம் இது மூணாவது செட்டு. கிட்டார் வாசிக்கிறீங்களா, கம்பியச் சாப்பிடுறீங்களா?"

"வீட்ல ஒரே கிட்டார்தான் நானா. எங்க வீட்டுக்காரருக்கு இடது கை, எனக்கு வலது கை. ரெண்டு பேரும் இப்பதான் பழகுறோம். ஒருநாள் அவரு, ஒருநாள் நானு. தினமும் கம்பியக் கழட்டி வரிசைய மாத்திப் போடுறதுல அறுந்து போகுது."

"மாத்துற நேரத்துல ரெண்டு பாட்டுப் பழகியிருக்கலாமே!"

கடையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் உள்ளே கிட்டார் சத்தம். இன்று அவர் முறை. ஆனால் கம்பிகள் நேற்று நான் போட்டபடியே இருந்தன, அறுந்துபோன ஒன்றைத் தவிர. கிட்டாரை இடது கைக்குத் திருப்பிப் பிடித்து, மிச்சமிருந்த ஐந்திலும் வாசித்துக்கொண்டிருந்தார்.

"மாத்தலையா?"

"வேணாம்மா. ஒன் வரிசையிலேயே பழகிக்கிறேன். கழட்டி மாட்டி ஒனக்கு வெரலெல்லாம் புண்ணாயிருச்சே."

கம்பி தலைகீழாக இருந்தும் என்னைவிட நன்றாகவே வாசித்தார்.

புதுச் செட்டை அவருக்கு ஏற்ற வரிசையில் மாட்டிவிட்டேன். இனி தலைகீழ் எனக்குத்தான்; நான் தப்பாக வாசித்தால் பழி கம்பிக்குத்தான். சரிதானே?